பாடுபட்ட திசு

மிர்காவின் கடைவாய்ப் பல் லேசில் வந்துவிடவில்லை. டாக்டர் பஸிலி மரத்துப்போக ஊசி போட்டு, குறடு வைத்து ஆட்டிப் பார்த்து, கடைசியில் நாற்காலியின் அடிக்கட்டையில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். பல் வந்தது. கூடவே ஈறும் கொஞ்சம் கிழிந்து தொங்கியது.

“ரெண்டு நாளைக்குக் கெட்டியா எதையும் வாயில வைக்காதம்மா. கஞ்சி, சூப், அதோட நிறுத்திக்கோ” என்றார்.

கோயில் அப்பம் கெட்டியானதா இல்லையா என்று மிர்கா கேட்கவில்லை. கேட்டிருந்தால் கலினோவா என்ற அந்த ஊர், கிழக்குப் போலந்தில் பேருந்து நின்று போகும் ஓர் இடமாகவே இன்றைக்கும் இருந்திருக்கும்.

மறுநாள் புனித ரோக்கு திருவிழா. ஊரே கோயிலில். மிர்கா வழக்கம்போலக் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றாள். அந்த ஊர்ப் பெண்களின் தலையெல்லாம் அவள் கையில்தான் இருந்தது, பார்லர் வைத்திருந்தாள். ஆனால் கோயிலில் அவள் இடம் அந்தத் தூண்தான். ஒன்பது வருடமாக அவள் நன்மை, அதாவது ஆண்டவரின் உடலாகத் தரப்படும் அந்த அப்பம், வாங்கவில்லை. வாங்கக் கூடாது.

காரணம் ஊரறிந்தது. முதல் புருஷன் வால்தெக் அவளுடைய விலா எலும்பை ஒடித்துவிட்டு, ஒரு விதவையோடு ஜெர்மனிக்குப் போய்விட்டான். மிர்கா கோர்ட்டில் விவாகரத்து வாங்கி, ஸெனெக் என்ற பேருந்து ஓட்டுநரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். ஸெனெக் முள்ளெலி குறுக்கே போனால்கூடப் பேருந்தை நிறுத்துகிற மனிதர். ஆனால் கோயில் கணக்கு வேறு. “வால்தெக் உன் புருஷன். ஸெனெக் உன் பாவம்” என்று பங்குச் சாமியார் ஹியரோனிம் ஒரே வரியில் சொல்லிவிட்டார். வால்தெக் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த விதவையோடு ஊருக்கு வருவான். அவன் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சும்மா வைத்திருந்தான். அதனால் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, முன் வரிசையில் போய் நன்மை வாங்கிக்கொண்டு திரும்பலாம். முதல் திருமணம் செல்லாது என்று அறிவிக்கச் சொல்லி மிர்கா மறைமாவட்டத் தீர்ப்பாயத்துக்குப் போட்ட விண்ணப்பம் அங்கே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்குத் திருவிழாக் கூட்டத்துக்கு ஒத்தாசையாக வெளியூர்ச் சாமியார் ஒருவர் வந்திருந்தார். அவருக்கு மிர்காவைத் தெரியாது. அவளுடைய கால் தானாகப் போய் அவர் வரிசையில் நின்றது. நாக்கில் அப்பம் வந்து உட்கார்ந்தது. அவள் கண்ணை மூடினாள்.

ஹியரோனிம் சாமி பார்த்துவிட்டார். அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பீடத்திலிருந்து ஓடிவந்தார். அவள் தாடையை அமுக்கிப் பிடித்தார். இரண்டு விரலை வாய்க்குள் விட்டார். அப்பத்தை வெளியே இழுத்தார். டாக்டர் பஸிலிக்கு முக்கால் மணி ஆன வேலை. இழுத்த வேகத்தில் அது கைநழுவித் தரையில் விழுந்தது.

“பரிசுத்தமானதை நாய்க்குப் போடக் கூடாது!” என்றார். அவருக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

கீழே விழுந்த அப்பத்தைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு, கரைகிற வரை நற்கருணைப் பேழையில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது சட்டம். அப்படியே செய்தார்கள். மிர்காவை எங்கே வைப்பது என்பதற்குச் சட்டம் இல்லை. அவளே வெளியே வந்தாள். வாசலில் நின்ற ஸெனெக் அவள் உதட்டில் ரத்தத்தைப் பார்த்தார்.

“அடிச்சாரா?”

“இல்ல. குடுத்ததைத் திருப்பி எடுத்துட்டாரு” என்றாள்.

*

அடுத்த ஞாயிறு கோயில் மணி நேரங்கெட்ட நேரத்தில் அடித்தது. கிண்ணத்தில் அப்பம் முக்கால்வாசி கரைந்திருந்தது. மிச்சத்தின் நடுவில் சிவப்பாக, ரத்தமும் சதையுமாக ஒரு துணுக்கு. ஹியரோனிம் சாமி முழந்தாளிட்டு அழுதார். சாயங்காலத்துக்குள் அது ஆண்டவரின் இதயம் ஆகிவிட்டது. யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை. பக்கத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அது துடித்துக்கொண்டும் இருந்தது.

மிர்காவுக்கு இதை மருந்துக்கடைக்காரர் மனைவிதான் சொன்னாள், பார்லர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

“இதயமேதானாம் மிர்கா! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு.”

“எந்த அப்பம் அது?”

“திருவிழா அன்னிக்கு உன் வாயிலேருந்து…” அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அதாவது, யாரோ கீழ தவற விட்டது.”

மிர்கா நாக்கால் பல் போன குழியைத் தடவிப் பார்த்தாள். கத்தரியைக் கீழே வைத்தாள். பாதித் தலை வெட்டிய அந்த அம்மாளை அப்படியே விட்டுவிட்டு, சாமியார் பங்களாவுக்கு நடந்தாள்.

“சாமி, அது என் ஈறு” என்றாள்.

“எது?”

“அதுதான் சாமி. முந்தின நாள்தான் பல்லு புடுங்கினேன். ஈறு கிழிஞ்சு தொங்கிட்டிருந்துச்சு. நீங்க விரலை விட்டு இழுத்தப்ப அதோட ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. பஸிலி டாக்டரைக் கேட்டுப் பாருங்க.”

ஹியரோனிம் சாமி அவளைக் கோபமில்லாமல் பார்த்தார். பெரிய மனிதராகிவிட்டவர்களுக்கு வரும் பொறுமை அவருக்கு அந்த ஒரு வாரத்திலேயே வந்திருந்தது.

“அகங்காரத்துல எத்தனையோ வகை பார்த்திருக்கேன். ஆண்டவரோட இதயத்தைத் தன் ஈறுன்னு சொல்றவளை இப்பத்தான் பார்க்கறேன். நீ யாரு? ஊரறிஞ்ச பாவி. உன் உடம்புல பரிசுத்தமானது ஏதாவது இருக்க முடியுமா? முடியாது. இது பரிசுத்தமானது. ஆக, இது உன்னோடது இல்ல. போ.”

அவளுக்கு அந்தத் தர்க்கத்தில் எங்கேயோ இடிப்பது போலிருந்தது. எங்கே என்றுதான் கண்டுபிடிக்க முடியவில்லை.

*

மறைமாவட்டத்தை ஆளும் ஆயர் விசாரணை ஆணையம் அமைத்தார். தலைவர், மூத்த சாமியார்களுக்குத் தரும் மொன்சிஞ்ஞோர் பட்டம் கொண்ட கயேத்தான். மூன்று முனைவர் பட்டம் பெற்றவர். மூன்றும் சம்மனசுகள் என்கிற தேவதூதர்களைப் பற்றி. அறிவியலுக்காகப் பெரிய நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியை லியோகாடியா வந்தார். திசுக்களை ஆராய்கிறவர். துணுக்கில் ஒரு சிட்டிகை வெட்டி எடுத்துப்போனார். மரங்கள் இலை உதிர்த்த பிறகு முடிவோடு திரும்பினார்.

பங்கு மண்டபத்தில் கூட்டம். வார்சாவிலிருந்து பத்திரிகைக்காரர்கள்கூட வந்திருந்தார்கள். மொன்சிஞ்ஞோர் எழுந்தார்.

“நாங்க உணர்ச்சிவசப்படறவங்க இல்ல. விஞ்ஞானத்துக்கு முழு சுதந்திரம் குடுத்திருக்கோம். நாங்க கேட்ட கேள்விக்கு மட்டும் அது பதில் சொல்லும். அம்மா, இது மனுஷத் திசுவா?”

“ஆமாம்” என்றார் பேராசிரியை.

கைத்தட்டல்.

“வேதனைப்பட்ட உடம்பிலேருந்து வந்ததா?”

“உயிரோட இருக்கும்போது பலவந்தமா கிழிச்சிருக்கு. வலி கடுமையா இருந்திருக்கும்.”

மண்டபம் விம்மியது. பின் வரிசையில் டாக்டர் பஸிலி தலையைக் குனிந்துகொண்டார்.

“இன்னொண்ணு,” என்றார் பேராசிரியை, காகிதத்தைப் பார்த்தபடி. “மரத்துப்போறதுக்குக் குடுக்கற மருந்தோட தடயமும் இருக்கு.”

ஹியரோனிம் சாமியின் முகம் வெளுத்தது. மொன்சிஞ்ஞோர் மட்டும் மெல்லக் கண்ணை மூடித் திறந்தார். அவர் கண்ணில் நீர்.

“மத்தேயு, இருபத்தேழாம் அதிகாரம். சிலுவையில அறையறதுக்கு முன்னால கசப்பு கலந்த திராட்சை ரசத்தைக் குடுத்தாங்க. வலி மரத்துப்போகக் குடுக்கறது அது. அவர் ருசி பார்த்தார். ருசி பார்த்தார்! ரெண்டாயிரம் வருஷமா அந்த வார்த்தையை நாம சும்மா வாசிச்சுட்டுப் போனோம். இன்னிக்கு விஞ்ஞானம் அதை நிரூபிச்சிருக்கு!”

மக்கள் எழுந்து நின்று பாடத் தொடங்கினார்கள். பாட்டு அடங்கியதும் ஒரு பத்திரிகைக்காரன் கேட்டான்: “திசு ஆணுடையதா, பெண்ணுடையதா?”

“பெண்” என்றார் பேராசிரியை.

இந்த முறை விம்மல் இல்லை. மொன்சிஞ்ஞோர் சிரித்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த சிரிப்பு.

“தம்பி, அவருக்கு மனுஷத் தகப்பன் உண்டா? கிடையாது. கன்னி வயித்துல பிறந்தவர். ஆணுக்குரிய அடையாளம் தகப்பன்கிட்டேருந்து வர்றது. தகப்பனே இல்லாதப்ப அது எங்கேருந்து வரும்? ஆண் திசுன்னு அறிக்கை வந்திருந்தா முதல்ல நான்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.”

மருந்துக்கடைக்காரர் மனைவி மயங்கி விழுந்தாள். அவளைத் தூக்கி உட்கார வைக்கிற சந்தடியில் மிர்கா எழுந்தாள்.

“அது என் ஈறுங்க” என்றாள்.

“உக்காருடி!” என்று நாலு பக்கமும் குரல். ஆனால் பத்திரிகைக்காரர்கள் திரும்பிவிட்டார்கள். மொன்சிஞ்ஞோர் கையை உயர்த்தி எல்லாரையும் அமர்த்தினார். “எங்களுக்கு எதையும் சோதிக்கப் பயமில்ல. இந்தம்மாவோட உமிழ்நீரையும் சோதிச்சுப் பார்த்துடலாம். சந்தேகத்துக்கு இடமில்லாம இவங்களை விலக்கிடலாம்.”

மிர்கா அங்கேயே வாயைத் திறந்தாள். பேராசிரியை பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவி எடுத்துக்கொண்டார்.

*

அவளை விலக்க முடியவில்லை.

“ஒத்துப்போகுது. முழுசா” என்றார் பேராசிரியை. ஆயர் இல்லத்தின் சிறிய அறையில் அவரைத் தவிர மொன்சிஞ்ஞோரும் மிர்காவும் மட்டும் இருந்தார்கள். மிர்கா பெருமூச்சு விட்டாள். “அப்ப முடிஞ்சுது இல்லையா?”

“இப்பத்தாம்மா ஆரம்பம்” என்றார் மொன்சிஞ்ஞோர். “ஆண்டவருக்குத் தாய்கிட்டேருந்து வந்த திசு, உங்களோட ஒத்துப்போகுது. உங்க தாய்வழியில யாராவது தாவீது ராஜா குலத்துல…”

“எங்கம்மா வீட்டுல பன்னிப் பண்ணை வச்சிருந்தாங்க சாமி.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அது இடையூறுதான். சரி, இன்னொரு வழி இருக்கு. ‘இந்தச் சிறியவர்கள்ல ஒருத்தருக்குச் செஞ்சதை எனக்கே செஞ்சீங்க’ன்னு ஆண்டவர் சொல்லியிருக்கார். அதாவது, எளியவங்க உடம்பைத் தன் உடம்பா அவர் ஏத்துக்கறார். அன்னிக்கு உங்க உடம்பை அப்படியே நகலெடுத்திருக்கார்.”

“நகலெடுக்காமலே என் ஈறு என் வாயிலேருந்து வந்திருக்கலாமே சாமி?”

“அது ரொம்ப எளிமையான விளக்கம்,” என்றார் மொன்சிஞ்ஞோர் வருத்தத்தோடு. “எளிமையான விளக்கம் போதும்னா ஆணையம் எதுக்கு?”

வெளியே தாழ்வாரத்தில் மிர்கா பேராசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்களாவது வெளிய சொல்லக் கூடாதாம்மா?”

“ஒத்துப்போகுதான்னு கேட்டாங்க. ஒத்துப்போகுதுன்னு எழுதினேன். உங்களோடதுதானான்னு கேக்கல. கேக்காத கேள்விக்குப் பதில் எழுதினா அது விஞ்ஞானம் இல்லம்மா, வம்பு.” பேராசிரியை கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். “தப்பா நினைக்காதீங்க. உங்க ஈறு ரொம்ப ஆரோக்கியமானது.”

வாயை மூடிக்கொண்டிருக்க மிர்காவுக்கு ஒரு வழி செய்தார்கள். ஒன்பது வருடம் தூங்கிய விண்ணப்பம் திடீரென்று கண் விழித்தது. வால்தெக் தாலி கட்டும்போதே… அதாவது மோதிரம் மாற்றும்போதே, திருமணத்துக்குரிய மனமுதிர்ச்சி இல்லாதவன் என்று தீர்ப்பாயம் கண்டுபிடித்தது. விலா எலும்பு ஒடிந்தபோது இதையேதான் மிர்காவும் கண்டுபிடித்திருந்தாள். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: ஹியரோனிம் சாமி தன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், எல்லார் முன்னிலையிலும்.

மொன்சிஞ்ஞோர் அவளை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். “மன்னிப்புக் குடுக்கறது எங்க வேலைம்மா. கேக்கறது உங்க வேலை.”

அவளும் ஸெனெக்கும் பக்கத்து ஊர்க் கோயிலில் போய் மெய்விவாகம் செய்துகொண்டார்கள். அங்கே இருந்த வயதான சாமியாருக்குக் காது மந்தம், கால் நடுக்கம். அற்புதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அப்பத்தை நாக்கில் வைத்தார். அது அப்பமாகவே இருந்தது. ரத்தம் வரவில்லை, எதுவும் துடிக்கவில்லை. மிர்கா அங்கேயும் ஒரு தூணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஸெனெக்கின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதோடு விட்டிருந்தால் அவளும் விட்டிருப்பாள்.

*

விடவில்லை. கலினோவாவுக்கு யாத்திரைப் பேருந்துகள் வரிசைகட்டின. ஹியரோனிம் சாமி ஒவ்வொரு கூட்டத்துக்கும் கதை சொன்னார். எல்லாம் ஒரே கதை: “ஒரு விபசாரியின் வாயிலேருந்து ஆண்டவரை மீட்டேன். இந்த ரெண்டு விரலால்!” விரலைத் தூக்கிக் காட்டுவார். மக்கள் வரிசையில் வந்து அந்த இரண்டு விரலையும் முத்தமிட்டுப் போவார்கள். குளிர்காலத்தில் விரல் வெடித்துவிடாமல் இருக்க வெண்ணெய் போல மென்மையான தோலில் தனியாகக் கையுறை தைத்துக் கொடுத்தார்கள் மாதர் சங்கத்தார். மற்ற மூன்று விரலுக்குச் சாதாரணக் கம்பளி. வழிகாட்டிகள் பேருந்தை மிர்காவின் பார்லர் முன்னால் மெதுவாக ஓட்டச் சொன்னார்கள். “வலது பக்கம் பாருங்க. அந்தப் பாவி இங்கதான் இருக்கா.” யாத்திரிகர்கள் கண்ணாடி வழியாகச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருநாள் அந்தப் பேருந்தை ஓட்டி வந்தது ஸெனெக். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார்.

மிர்கா கோபக்காரி இல்லை. ஆனால் மறதிக்காரியும் இல்லை.

இதற்கிடையில் துணுக்கு தேய்ந்துகொண்டே வந்தது. ஆய்வகம் ஒரு சிட்டிகை எடுத்தது. பெரிய பெரிய விருந்தாளிகளுக்கு ஆயர் ஆளுக்கொரு சில்லு கொடுத்தார். மீதியைத் தங்கக் கதிர்ப்பாத்திரத்தில் கண்ணாடிக்குள் வைத்து இறுக மூடியதில் வேர்த்துப்போய், ஈஸ்டர் முடிந்தபோது பச்சையாகப் பூசணம் பிடித்துவிட்டது. அடுத்த புனித ரோக்கு திருவிழாவில் நாட்டின் ஆயர்கள் எல்லாரும் கூடி அதை ஆராதிக்க ஏற்பாடாகியிருந்தது.

கோடையின் தொடக்கத்தில் மொன்சிஞ்ஞோர் கயேத்தான் பார்லருக்குள் நுழைந்தார். “முடி வெட்டணும்” என்றார்.

மிர்கா அவர் தலையைப் பார்த்தாள். வெள்ளரிப்பழம் போலப் பளபளவென்றிருந்தது.

“எங்க சாமி?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியில் அவளைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்: “உங்க மத்தப் பல்லெல்லாம் எப்படிம்மா இருக்கு? ஆட்டம் ஏதாவது உண்டா?”

*

ஆயர் இல்லத்தில் கசகசா கேக்கும் தேநீரும் வைத்திருந்தார்கள். ஆயர் நல்ல மனிதர். கேக் தீர்ந்துபோகுமோ என்பதைத் தவிர அவருக்கு வேறு கவலை இருந்ததாகத் தெரியவில்லை. மொன்சிஞ்ஞோர் பேசினார். ஹியரோனிம் சாமி சன்னலோரம் தன் இரண்டு விரலையும் மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இது போலி இல்ல,” என்றார் மொன்சிஞ்ஞோர். “அற்புதம் நடந்தது நடந்ததுதான். அதோட சாட்சி தேய்ஞ்சு போச்சு. சாட்சியைப் புதுப்பிக்கிறோம். கோயில் கூரை ஒழுகினா ஓடு மாத்தறதில்லையா? கோயில் பொய்யாகிடுமா? ஆண்டவர் எந்த உடம்பை நகலெடுத்தாரோ அந்த உடம்பிலேருந்தே கொஞ்சம் எடுத்தா…”

“என்னால முடியாதுங்க சாமி,” என்றாள் மிர்கா. “போன தடவையே உசிரு போய் உசிரு வந்துச்சு.”

அப்போது ஹியரோனிம் சாமி வாயைத் திறந்தார். திறக்காமல் இருந்திருக்கலாம்.

“வலியைப் பத்திப் பேசறியா? எத்தனை ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல சொல்லியிருக்கேன்! வேதனைங்கறது வரப்பிரசாதம். ஆண்டவரோட பாடுகள்ல பங்கு பெறுறது. ஒரு பல்லு! அதைக்கூட ஒப்புக்குடுக்க மனசு வரலியா? உன் மாதிரி ஒருத்திக்கு இந்தப் பாக்கியம் கிடைச்சதே பெருசு. எனக்கு மட்டும் கிடைச்சிருந்தா நான் முழந்தாள்ல நடந்தே போயிருப்பேன்.”

மிர்கா அவரைப் பார்த்தாள். அந்த இரண்டு விரலைப் பார்த்தாள். பிறகு மிகுந்த பணிவோடு ஆயர் பக்கம் திரும்பினாள்.

“ஆண்டகையே, ஒரு சந்தேகம். நான் படிக்காதவ. ஞானோபதேச வகுப்புல ஒண்ணு சொல்லிக்குடுத்தாங்க. பூசை வைக்கும்போது சாமியார் கிறிஸ்துவோட ஆளா நிக்கறாரு, இன்னொரு கிறிஸ்துவே அவருதான்னு. அது நிஜமா?”

“நிஜம்தான் மகளே” என்றார் ஆயர், வாயில் கேக்கோடு.

“அப்ப நான் எதுக்குங்க? நான் விபசாரி, பாவி. எல்லாப் பேருந்துலயும் அப்படித்தான் சொல்றாங்க. சாமி இருக்காரே. அவரு ஈறு என் ஈறை விட உசந்ததில்லையா? அவரே பாக்கியம்னு வேற சொல்றாரு.”

ஹியரோனிம் சாமி சிரிக்க முயன்றார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

மொன்சிஞ்ஞோரின் புருவம் மெல்ல மேலேறியது. அவருக்குள் மூன்று முனைவர் பட்டமும் ஒரே நேரத்தில் வேலை செய்தன. “இறையியல்படி…” என்றார், ஒவ்வொரு வார்த்தையாக. “இறையியல்படி இதுல தப்பே இல்ல. பார்க்கப்போனா இது இன்னும் பலமான வாதம். அதோட, அந்தப் பெண் திசு விஷயம் வேற. விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. இது ஆண் திசு. ஆண்டவர் வளர்ந்து ஆண் மகனாயிட்டார்னு சொல்லிடலாம்.”

“மொன்சிஞ்ஞோர்!” என்று அலறினார் ஹியரோனிம் சாமி. “என் பல்லு எல்லாம் உறுதியா இருக்கு!”

“இன்னும் நல்லது,” என்றார் மொன்சிஞ்ஞோர். “வேதனை அதிகமா பதிவாகும்.”

“ஊசி போட்டுத்தானே எடுப்பாங்க?” என்று கேட்டார் ஆயர் பரிவோடு.

மிர்கா கைகளைக் கோத்துக்கொண்டாள். “அதுதான் ஆண்டகையே யோசனையா இருக்கு. வார்சா பத்திரிகைக்காரங்க அந்த மருந்தைப் பத்தித்தானே கேலி பண்ணி எழுதறாங்க?”

“ஆமாம்!” மொன்சிஞ்ஞோர் மேசையைத் தட்டினார். “எழுதறாங்க! மாசாமாசம் எழுதறாங்க! இந்தத் தடவை அந்தப் பேச்சுக்கே இடமிருக்கக் கூடாது. மத்தேயு சுவிசேஷத்திலேயே பாருங்க: ருசி பார்த்தார், ஆனா குடிக்க மனசில்லாம இருந்தார். குடிக்கல! மருந்தை அவர் மறுத்துட்டார்!”

ஆயர் கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஹியரோனிம் சாமியின் தலையில் இரண்டு கைகளையும் வைத்து ஆசீர்வதித்தார். “பாக்கியவான்,” என்றார், உண்மையான பொறாமையோடு.

*

டாக்டர் பஸிலி ஆர்த்தடாக்ஸ் சபைக்காரர். கத்தோலிக்கர்கள் தங்களுக்குள் என்ன பிடுங்கிக்கொள்கிறார்கள் என்பது அவருக்குத் தேவையில்லாத விஷயம். ஆனால் ஊசி வேண்டாம் என்றதும் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டார்.

“ஊசியில்லாம நான் மாட்டுக்குக்கூடப் புடுங்க மாட்டேன்.”

“ஆயரோட உத்தரவு” என்றார் மொன்சிஞ்ஞோர்.

“உங்க ஆயர் எனக்கு ஆயரில்ல. இந்தச் சாமிக்கே சம்மதம்னா அவரு வாயால சொல்லட்டும்.”

எல்லாரும் நாற்காலியைப் பார்த்தார்கள். ஹியரோனிம் சாமியின் கண்கள் அறையைச் சுற்றின. கதவருகே மாதர் சங்கத் தலைவி செபமாலையோடு நின்றாள். சாமி ஏதோ ஒரு பெரிய தியாகத்துக்குத் தயாராகிறார் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் அதை ஏற்கெனவே பாதி ஊருக்குச் சொல்லிவிட்டாள். சன்னலுக்கு வெளியே பாதி ஊர் முழந்தாளிட்டிருந்தது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொன்னால் இருபது வருடப் பிரசங்கம் பொய்யாகிவிடும்.

“சம்மதம்,” என்றார். சொன்னது அவருக்கே கேட்டிருக்காது.

“தலை ஆடாம யாராவது புடிச்சுக்கணும்” என்றார் டாக்டர்.

“நான் புடிக்கறேன்,” என்றாள் மிர்கா. “எனக்குத் தலையைப் புடிச்சுப் பழக்கம்.”

அவள் பின்னால் போய் நின்று அவருடைய நெற்றியையும் தாடையையும் பிடித்தாள். அவர் கண்கள் அண்ணாந்து அவளைப் பார்த்தன. சின்னப் பையனின் கண்கள் போல இருந்தன. அந்த ஒரு கணம் அவளுக்கு விட்டுவிடலாமா என்று தோன்றியது. அவர் மட்டும் ஏதாவது சொல்லியிருந்தால், ஒரே ஒரு வார்த்தை, அவள் விட்டிருப்பாள்தான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “கைய எடு. நீ தொடக் கூடாது.”

“வாயைத் தொறங்க சாமி,” என்றாள் மிர்கா.

சத்தம் சந்தை வரை கேட்டது. வெளியே இருந்தவர்கள் அதை ஒரு தரிசனத்தின் ஓசை என்று நினைத்துப் பாடத் தொடங்கினார்கள். உறுதியான பல், அடிக்கடி நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது. பாட்டின் மூன்று சரணம் முடிந்து பல்லவி திரும்பி வந்தபோதுதான் பல் வந்தது. மொன்சிஞ்ஞோர் வெள்ளித் தட்டை நீட்டினார்.

“ஈறு கொஞ்சம் குறைவா இருக்கே” என்றார்.

டாக்டர் பஸிலி மறுபடியும் குறடைக் கையில் எடுத்தார்.

*

பேராசிரியை லியோகாடியாவின் புதிய அறிக்கை திருவிழாவுக்கு முன்பே வந்துவிட்டது. மனிதத் திசு. ஆண். மருந்தின் தடயம் எதுவும் இல்லை. வேதனை முன்பு கண்டதைவிடப் பன்மடங்கு. கீழே, யாரும் கேட்காமலே, ஒரு வரி சேர்த்திருந்தார்: இந்த மனிதர் நிஜமாகவே பாடுபட்டிருக்கிறார்.

புனித ரோக்கு நாளில் கலினோவாவில் கால் வைக்க இடமில்லை. ஆயர்கள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். ஹியரோனிம் சாமி கதிர்ப்பாத்திரத்தைத் தூக்கினார். கன்னம் ஒரு பக்கம் ரொட்டி போல வீங்கியிருந்தது. சீழ் வைத்துவிட்டது என்று பஸிலி டாக்டர் சொல்லியிருந்தார். பிரசங்கம் செய்ய வாய் திறக்கவில்லை. பொன் கதிர்களுக்கு நடுவில் கண்ணாடிக்குள் இருந்ததை அவர் நேராகப் பார்க்க நேர்ந்தபோது கண்ணில் தாரை தாரையாக நீர் வழிந்தது.

மிர்காவும் ஸெனெக்கும் கூட்டத்தின் நடுவில் நின்றார்கள். பக்கத்தில் மருந்துக்கடைக்காரர் மனைவி மூக்கைச் சிந்தினாள்.

“பாரு மிர்கா, சாமி எப்படி அழறாரு! என்ன பக்தி, என்ன பக்தி!”

“ஆமாக்கா. அவருக்கு அது ரொம்ப நெருக்கம்” என்றாள் மிர்கா.

ஸெனெக் இருமினார், இருமலுக்குள் வேறு ஏதோ இருந்தது.

ஆயர் எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார். மகிழ்ச்சியில் அவர் முகம் சிவந்திருந்தது. இந்த அற்புதத்தில் பங்கு கேட்டு நாடெங்குமிருந்து கோரிக்கைகள் குவிந்திருப்பதாகச் சொன்னார். ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை என்றார். மறைமாவட்டத்தின் ஒவ்வொரு கோயிலுக்கும், ஒன்று விடாமல், வருடாவருடம் ஒரு துணுக்கு வழங்கப்படும். அதற்கு வேண்டியதை ஆண்டவர் தாமே தருவார். நம் அன்புக்குரிய ஹியரோனிம் சாமியும் உடன் நிற்பார்.

பீடத்தில் கதிர்ப்பாத்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஹியரோனிம் சாமி ஒரு கையை எடுத்துக் கன்னத்தைப் பொத்திக்கொண்டார்.

அத்தனை பெரிய கூட்டத்தில் எல்லாரையும்விட உரக்க ‘ஆமென்’ சொன்னவள் மிர்கா.